வால்வு இடைவெளியும் ஷிம் வில்லையும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சின் தலைப்பகுதியிலிருந்து ‘டிக் டிக்’ என்ற மெல்லிய ஓசை எழுமாயின் அதன் உரிமையாளர் கவலையுறுவது வழக்கம். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின்னர் அவ்வோசை தானாகவே அடங்கிவிடின் அவர் நிம்மதி கொள்கிறார். கவலை கொள்ள வேண்டிய வேளை இரண்டாவதே என்பதைப் பலர் அறியார். பெரும்பாலும் அவ்வாறு ஓசை அடங்குவதற்குக் காரணம், வால்வுக்கு இருக்கவேண்டிய இடைவெளி குறைந்துவிட்டமையே.

நான்கு வீச்சு எஞ்சினில் எரிவாயுக் கலவை உட்புகுவதற்கு ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேறுவதற்கு மற்றொரு வால்வும் உண்டு. கேம் தண்டிலுள்ள மேடு அழுத்தும்போது வால்வு திறக்கிறது. மேடு அகன்றதும் சுருள்வில் அதனை மூடுகிறது. மூடிய நிலையில் கேமுக்கும் வால்வு அமைப்புக்கும் நடுவே நூலிழை போன்ற ஓர் இடைவெளி இருத்தல் வேண்டும். ஏனெனில் உலோகம் சூடேறினால் நீளும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பியின் உஷ்ணம் 100 டிகிரி உயர்ந்தால், அது ஏறக்குறைய 0.12 மில்லிமீட்டர் நீளும். அதே அளவுள்ள அலுமினியக் கம்பியோ ஏறக்குறைய அதனைப் போல் இருமடங்கு நீளும். வால்வு எஃகினால் ஆனது, மிகுதியாகச் சூடேறுவது. எஞ்சின் தலை அலுமினியத்தால் ஆனது, குறைவாகச் சூடேறுவது. இவ்விரண்டின் வேறுபாட்டை ஈடுசெய்யவே இடைவெளி விடப்படுகிறது. இக்கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம்.

புகை வால்வின் நிலைமை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. பல நூறு டிகிரி உஷ்ணத்தில் செந்தணல் போல் காயும் அவ்வால்வு, தன் வெப்பத்தில் பெரும்பகுதியைத் தன் இருக்கை வளையத்தின் மீது அழுந்தி அமர்ந்திருக்கும் கணங்களிலேயே இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாமற்போனால் வால்வு முழுமையாக அமரமாட்டாது. வெப்பம் வெளியேற வழியின்றி விளிம்பு மேலும் காய்கிறது. கசியும் தீச்சுவாலை அவ்விளிம்பை அரித்துத் தின்கிறது. சூடான எஞ்சின் கிளம்ப மறுத்தல், மெதுவாக ஓடுகையில் தடுமாறுதல் ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவோரே மிகுதி. வால்வு கருகிய பின்னரே உண்மை வெளிப்படுகிறது. இடைவெளி மிகுந்தாலோ ஓசை எழும், வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், சக்தி சிறிது குறையும். அதுவும் குறையே, எனினும் அதனால் எஞ்சின் உடனே பாழாவதில்லை.

நம் நாட்டுப் பழைய வண்டிகளில் பழகிய தொழிலாளருக்கு ஷிம் வில்லை புதியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பழைய ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் முதலியவை இரு வீச்சு வண்டிகள். அவற்றில் இத்தகைய வால்வுகளே கிடையா. 1955 முதல் சென்னையில் உருவான புல்லெட்டின் பழைய எஞ்சினில் வால்வுகள் உண்டு. ஆனால் அங்கே தள்ளுதண்டின் அடியிலுள்ள திருகை ஸ்பானரால் திருப்பினால் இடைவெளி கூடும் அல்லது குறையும். 1972-இல் ஜப்பானின் கவாசாகி நிறுவனம் வெளியிட்ட இசட்-1 என்னும் 903 சி.சி. மோட்டார் சைக்கிளில் திருப்புவதற்குத் திருகே இல்லை. நான்கு சிலிண்டர்களும் எட்டு வால்வுகளும் கொண்ட அந்த எஞ்சினின் தலைமீது இரண்டு கேம் தண்டுகள் சுழலுகின்றன. ஒவ்வொரு வால்வையும் கவிழ்த்த குவளை போன்ற ஒரு பக்கெட் மூடியிருக்கிறது. பக்கெட்டின் மேற்பள்ளத்தில் நாணயம் போன்ற வட்டமான எஃகு வில்லை ஒன்று அமர்ந்திருக்கிறது. இதுவே ஷிம். கேம் நேரே இதன்மீது உராய்கிறது. இடைவெளியை மாற்ற வேண்டுமாயின் வேறு கனமுள்ள வில்லையை வைப்பதொன்றே வழி.

இம்முறை வீண் சிக்கலன்று. எஞ்சின் நிமிஷத்துக்கு 8,500 முறை சுழலுகையில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு எழுபது தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் திருகு, நட்டு ஆகியவற்றின் எடைகூடச் சுருள்வில்லுக்குச் சுமையாகும். மேலும் அகன்ற வில்லை எளிதில் தேய்வதில்லை. தேய்வது பெரும்பாலும் வால்வும் இருக்கையுமே. அவை தேயத் தேய வால்வு மேல்நோக்கி ஏறிப் பக்கெட்டைக் கேமை நோக்கித் தள்ளுகிறது. ஆகையால் இவ்வகை எஞ்சினில் இடைவெளி காலப்போக்கில் பெரும்பாலும் குறையுமேயன்றிக் கூடுவதில்லை.

இசட்-1 எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட இடைவெளி 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை. சாதாரண எழுதுதாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதை நினைத்தால் இவ்வளவின் நுண்மை விளங்கும். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதே அளவெடுத்தல் வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் திறப்பதே சிறந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது எளிது. கேமின் மேடு வில்லைக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்கையில், 0.05 ஃபீலர் தகடு நுழையவேண்டும், 0.10 தகடு நுழையலாகாது. எட்டு வால்வுகளையும் அளந்து, காகிதத்தில் குறித்து முடிக்கும் வரை ஒரு வில்லையையும் கழற்றாதிருப்பது நல்லது.

வில்லைகள் 2.00 முதல் 3.20 மில்லிமீட்டர் வரை 0.05 வித்தியாசத்தில் கிடைத்தன. பழைய வில்லையின் கனத்துடன் அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புதிய வில்லையின் கனம் கிடைக்கும். ஓர் உதாரணம்: முதல் வால்வில் 2.70 வில்லை, இடைவெளி 0.02. இரண்டாவதில் 2.60 வில்லை, இடைவெளி 0.12. மூன்றாவதில் 2.65 வில்லை, இடைவெளி 0.03. மூன்றுமே தவறானவை, ஆனால் கடையில் வாங்கவேண்டியது 2.65 வில்லை ஒன்றுதான். அதனை இரண்டாவதில் வைத்தால் அங்கே இடைவெளி 0.07 ஆகும். அங்கிருந்து எடுத்த 2.60 வில்லை மூன்றாவதற்குச் சென்று 0.08 தரும். மூன்றாவதிலிருந்து எடுத்த 2.65 முதல் வால்வுக்குச் சென்று 0.07 தரும். எஞ்சிய 2.70 வில்லையைப் பத்திரப்படுத்தலாம். பழைய வண்டிகளுக்கு உதிரிப் பாகம் தேடி அலைவோருக்கு இச்சிறு கணக்கு பெரும் உதவி.

மேற்கண்ட வரிசைக்கு வேறொரு பயனும் உண்டு. எந்த பக்கெட்டும் வில்லையின்றி வெறுமையாக நிற்பதில்லை. வெறும் பக்கெட்டோடு எஞ்சினைச் சுழற்றினால் கேமின் மேடு அதன் விளிம்பில் மோதிச் சேதம் விளைவிக்கும். வில்லையை எடுப்பதற்கென்று, பக்கெட்டின் விளிம்பை மட்டும் அழுத்திப் பிடிக்கும் கருவி உண்டு. பக்கெட்டிலுள்ள சிறு வெட்டை முதலில் கைக்கெட்டும் பக்கம் திருப்பிவிட்டு, கேமைச் சுழற்றிப் பக்கெட்டைத் தாழ்த்தி, கருவியைச் செருகவேண்டும். பின்னர்க் கேமை அகற்றும்போது மேடு கருவியின்மீது ஏறாத திசையில் சுழற்றுதல் அவசியம். தவறினால் அலுமினியத் தலையே உடையக்கூடும். எண்ணெயினால் ஒட்டிக்கொண்டிருக்கும் வில்லையை அவ்வெட்டின் வழியே மெல்ல நெம்பிக் குறட்டால் எடுக்கலாம்.

வில்லையில் பொறித்த எண்ணை நம்பாது மைக்ரோமீட்டரால் அளப்பதே முறை. தேய்ந்த வில்லையில் எண் மாறுவதில்லை. எண் பொறித்த முகம் கீழ்நோக்கி, பக்கெட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். பொருத்தமான கனம் கிடைக்கவில்லையென்று வில்லையைச் சாணைக்கல்லில் தேய்ப்பதோ, அடியில் தகட்டுத் துண்டு வைப்பதோ கூடாது. மேற்பரப்பின் கடினம் போய்விடும். துண்டோ வேகத்தில் எகிறி எஞ்சினுக்குள் விழும்.

இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்பட்டு வருகிறது. மக்களின் உடல்நலத்துக்கு இது நன்மையே. ஆயினும் அதற்கு முற்பட்ட எஞ்சின்கள் சிலவற்றில் ஈயப் படிவே வால்வு இருக்கைக்கு மெத்தை போல் உதவியது. கடினமாக்கப்படாத இருக்கையுடைய எஞ்சின்களில் தேய்வு விரைவாக நிகழக்கூடும். அத்தகைய வண்டிகளில் இடைவெளியை அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் எஞ்சினைக் கையால் பலமுறை சுழற்றி, வில்லைகள் நன்கு அமர்ந்த பின் எட்டு இடைவெளிகளையும் மீண்டும் அளக்கவேண்டும். ஒவ்வொரு வால்வின் வில்லைக் கனத்தையும் இடைவெளியையும் தேதியிட்டு ஓர் அட்டையில் எழுதி இருக்கையின் கீழ் வைத்தால், அடுத்த முறை எந்த வால்வு விரைந்து தேய்கிறது என்பது அட்டையைப் பார்த்தவுடனேயே தெரியும்.