பாடசாலை போடும் புள்ளிக்குப் பெறுமதி என்ன?

தவணை முடிந்ததும் பிள்ளை தேர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டுகிறது. நாம் முதலில் கேட்பது "எத்தனையாவது வந்த?" என்றுதான். மூன்றாவது என்றால் சந்தோசம். பதினெட்டாவது என்றால் ஏச்சு. பிறகு கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் புள்ளிகளை யார் போட்டார், எதைப் பார்த்துப் போட்டார், வேறொரு ஆசிரியர் திருத்தியிருந்தால் இதே புள்ளி வந்திருக்குமா என்றெல்லாம் நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாம் இப்படி இருப்பதில்லை. மடுவத்தில் தராசு முள்ளைப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் நகர மாட்டாள். ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதியது சரியா என்று கண் போகும். ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர் ஆகிவிடும் என்பது தெரிந்ததால் வரும் கவனம் அது. பிள்ளையின் புள்ளியும் ஒரு நிறுவைதான். நல்ல நிறுவைக்கு இரண்டு குணம் வேண்டும். ஒன்று, அதே கூடையை இரண்டு தரம் வைத்தால் இரண்டு தரமும் ஒரே நிறை காட்ட வேண்டும். மற்றது, அது கொழுந்தை நிறுக்க வேண்டும், கொழுந்தில் உள்ள தண்ணீரை அல்ல. அதேபோல ஒரு விடைத்தாளை யார் திருத்தினாலும் ஏறக்குறைய ஒரே புள்ளி வர வேண்டும். அந்தப் புள்ளி பிள்ளை படித்ததை அளக்க வேண்டும். கையெழுத்தின் அழகையோ, அப்பாவின் செல்வாக்கையோ, பிள்ளை வகுப்பில் அடங்கி இருந்ததையோ அளக்கக் கூடாது.

பாடசாலைக்குள்ளேயே ஆசிரியர் செய்யும் இந்த அளவையைத்தான் 'பாடசாலை மட்டக் கணிப்பீடு' என்கிறார்கள். 1990களின் கடைசியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு இது நம் நாட்டுப் பாடசாலைகளில் பரவலாயிற்று. ஒப்படை, செயற்றிட்டம், வாய்மொழிக் கேள்வி, குழு வேலை, சிறு பரீட்சை என்று பல வழிகளில் வருடம் முழுவதும் பிள்ளையைக் கவனித்துப் பதிவது அதன் நோக்கம். மூன்று மணித்தியாலப் பரீட்சையில் ஒரு பிள்ளையின் முழுத் திறமையும் தெரிந்துவிடாது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விசயம். அன்றைக்குக் காய்ச்சல் வரலாம், மண்சரிவில் பாதை மூடலாம். ஆனாலும் க.பொ.த. பெறுபேற்றோடு அந்தப் புள்ளி கூட்டப்படவில்லை, வேறாகவே காட்டப்பட்டது. வேலைக்கு ஆள் எடுப்பவரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆசிரியர்களிலேயே பலர் அதை மேலதிக எழுத்து வேலையாக நினைத்து, தவணைக் கடைசியில் ஒரே இருப்பில் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று கேட்டிருக்கிறோம். கூட்டப்படாததற்குப் பல காரணம் சொல்வார்கள். எம்மைப் பொறுத்தவரை முக்கியமானது ஒன்று: 'அந்தந்தப் பாடசாலை தன் பிள்ளைக்குத் தானே போட்ட புள்ளிதானே' என்ற சந்தேகம்.

இந்தச் சந்தேகம் எங்கே அதிகம் கடிக்கும்? சிறிய பாடசாலைகளில்தான். நமது தோட்டப் பாடசாலைகள் போலவே வடக்கே தீவுப் பகுதியிலும் இதே கஷ்டம் உண்டு. புங்குடுதீவு என்ற பெயர் நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. தீவுப்பகுதி முதலாளிமாரின் கடைகள் ஒரு காலத்தில் மலைநாட்டுப் பட்டணங்களிலும் இருந்தன, அங்கே கடனுக்குச் சாமான் வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை வழியாகக் கடலுக்கு நடுவே போகும் பாதையில் போய்ச் சேரும் தீவு அது. அதன் குறிகட்டுவான் துறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளம் போகிறது. சனம் நிறைந்து பல பாடசாலைகளோடு இருந்த ஊர், 1990களின் தொடக்கத்தில் யுத்தத்தால் பெரும்பாலும் வெறுமையாயிற்று. போனவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். பாடசாலைக் கட்டடங்கள் பெரிது, பிள்ளைகள் குறைவு. தீவகக் கல்வி வலயத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு நடக்கும் வகுப்புகள் உண்டு. யாழ்ப்பாணப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் ஆசிரியர்களும், குறிகட்டுவானில் வள்ளம் ஏறி அடுத்த தீவுக்குப் போகும் ஆசிரியர்களும் உண்டு.

ஆறு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் 'முதலாம் பிள்ளை' என்பதற்கு என்ன அர்த்தம்? அறுபது பிள்ளைகள் இருக்கும் பட்டணப் பாடசாலையில் அதே பிள்ளை இருபதாவதாகவும் வரலாம், முதலாவதாகவும் வரலாம். நிலைமை அதைச் சொல்லாது. இன்னொன்று, சிறிய பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஆசிரியர்தான். வினாத்தாள் தயாரிப்பவர் அவர், படிப்பித்தவர் அவர், திருத்துபவர் அவர், பதிபவரும் அவர். பக்கத்தில் இருந்து "இதுக்கு நாலு புள்ளி கூட" என்று சொல்ல ஆளில்லை. ஊரும் சின்னது. காலையில் புள்ளி போட்ட பிள்ளையின் தாயைப் பின்னேரம் கோயில் வாசலில் சந்திக்க வேண்டும்.

தீவகத்தில் படிப்பித்த ஒரு ஆசிரியை எம்மோடு கதைத்தபோது சொன்னது மனதில் நிற்கிறது: "கூடப் போட்டா தாய் தேப்பனுக்குச் சந்தோசம். ஆனா பிள்ளைக்குத் தெரியும் தனக்கு ஏலாதெண்டு. நான் போடுற புள்ளியை என்ர பிள்ளையளே நம்பாட்டி வேற ஆர் நம்பப்போகினம்?" நமது பக்கத்தில் இதன் மறுபக்கத்தைக் கேட்டிருக்கிறோம். "சேர், எம்புள்ளைக்கு ரெண்டு மார்க்கு கூட்டிப் போட்டுக் குடுங்க, அவுங்க அப்பா அடிப்பாரு" என்று கெஞ்சும் தாய்மார் உண்டு. அந்தத் தாயைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் அந்த இரண்டு மார்க்கு பிள்ளைக்கு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் கணிதத்துக்கு 60, 65 என்று வாங்கிவந்த பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையில் 35க்குக் கீழே போய் 'டபிள்யூ' எடுத்தால் என்ன ஆகிறது? "பரீட்சையில் ஏதோ பிழை" என்கிறோம். பிள்ளை விதியை நோகிறது. உண்மையில் இரண்டு வருடத்துக்கு முன்பே பின்னத்திலும் சமன்பாட்டிலும் தட்டுகிறது என்று அந்தப் புள்ளி சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பின்னேர வகுப்பு வைத்திருக்கலாம், அண்ணனைக் கொண்டு சொல்லிக் கொடுத்திருக்கலாம். பட்டணத்துப் பிள்ளைக்கு ரியூசன் மாஸ்டர் அந்த உண்மையைச் சொல்லிவிடுவார். லயத்துப் பிள்ளைக்கும் தீவுப் பிள்ளைக்கும் உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆள் வகுப்பாசிரியர்தான். அவரும் பொய் சொன்னால் பிள்ளைக்கு வேறு வழியில்லை.

புள்ளியில் நம்பிக்கை போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே கசப்பான பாடம் உண்டு. 1970ஐ ஒட்டிய வருடங்களில், பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சையில் தமிழ் மொழி விடைத்தாள்களைத் திருத்துகிறவர்கள் தாராளமாகப் புள்ளி போடுகிறார்கள் என்ற சந்தேகம் கிளப்பப்பட்டது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழியில் எழுதியவர்களுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மொழியில் எழுதியவர்களுக்கு 227 போதும் என்று வைக்கப்பட்டது. அடுத்தடுத்த வருடங்களில் மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்டக் கோட்டாவும் வந்தன. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அது மத்திய பரீட்சை, பாடசாலைப் பரீட்சை அல்ல. அங்கேயே ஒரு சந்தேகம் இத்தனை தூரம் இழுத்துப்போகும் என்றால், வகுப்பறைப் புள்ளியை எவ்வளவு பாதுகாக்க வேண்டும்!

'அப்படியானால் எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து நடத்தும் பரீட்சைக்கே விட்டுவிடலாமே' என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அப்பழுக்கில்லாததல்ல. 2024 செப்டெம்பரில் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் சில கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்டார்கள். அச்சடித்த தாள் இல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அறிய வழியில்லை என்பது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு! தினமும் பிள்ளையைப் பார்க்கிற ஆசிரியருக்குக் கடதாசி வேண்டியதில்லை, ஒரு பதிவுப் புத்தகம் போதும்.

இங்கிலாந்தில் நடந்ததும் நமக்கு உதவும். 2020இல் கொரோனாவால் பரீட்சை நடக்கவில்லை. ஆசிரியர்கள் மதிப்பிட்டு அனுப்பிய தரங்களைக் கணினிக் கணக்கு ஒன்றால் திருத்தினார்கள். அந்தக் கணக்கு முக்கியமாகப் பார்த்தது அந்தப் பாடசாலையின் பழைய பெறுபேறுகளை. ஏறத்தாழ நூற்றுக்கு 39 தரங்கள் ஆசிரியர் போட்டதைவிடக் கீழே இறங்கின. பழைய பெறுபேறு குறைந்த பாடசாலையில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் அது தன் மூத்தவர்களுக்காகத் தண்டனை அனுபவித்தது. மிகச் சிறிய வகுப்புகளுக்குக் கணக்குப் பொருந்தாது என்பதால் அங்கே ஆசிரியரின் தரத்தை அப்படியே விட்டார்கள். பிள்ளைகள் தெருவுக்கு வந்து சத்தம் போட்டதும் ஒரு வாரத்துக்குள் கணக்கையே கைவிட்டார்கள். இதே முறை இங்கே வந்திருந்தால் 'இந்தத் தோட்டப் பாடசாலையில் இதுவரை யாரும் ஏ எடுக்கவில்லை, ஆகவே இந்த வருடமும் ஏ இல்லை' என்று எழுதியிருப்பார்கள். பிள்ளையின் புள்ளியைத் தூரத்திலிருந்து கணக்கால் திருத்த முடியாது. விடைத்தாளை மனிதர் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அப்படிச் செய்த ஒரு இடம் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். 1970களின் தொடக்கத்தில் பொதுப் பரீட்சையை எடுத்துவிட்டு, 2019 வரை, ஏறத்தாழ ஐம்பது வருடம், பாடசாலைப் புள்ளியை வைத்தே மேல்வகுப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். பல பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மற்றப் பாடசாலைப் பிள்ளைகளின் வேலைகளைப் பார்த்து, "உங்கள் 'ஏ'யும் எங்கள் 'ஏ'யும் ஒன்றுதானா?" என்று ஒப்பிட்டார்கள். இந்த ஏற்பாடுதான் அதற்கு உயிர். 2020 முதல் வெளிப்பரீட்சையையும் சேர்த்துக்கொண்டாலும் பாடசாலைக் கணிப்பீட்டை விட்டுவிடவில்லை.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. புங்குடுதீவுப் பாடசாலையின் பத்து விடைத்தாள் வேலணைக்குப் போகலாம், வேலணையின் பத்து இங்கே வரலாம். பெயரை மறைத்துவிட்டு மற்ற ஆசிரியர் திருத்தட்டும். இருவர் போட்ட புள்ளிக்கும் இருபது வித்தியாசம் வந்தால் ஏன் என்று கதைக்கட்டும். நமது கோட்டங்களிலும் இரண்டு மைல் தள்ளி அடுத்த தோட்டப் பாடசாலை இருக்கிறது, விடைத்தாள் கட்டோடு ஒரு ஆசிரியர் போய் வரலாம். ஆசிரிய ஆலோசகர் வரும் நாளில் இதைச் செய்தால் இன்னும் நல்லது. புள்ளித்திட்டத்தைப் பரீட்சைக்கு முன்பே எழுதி வைப்பது அதைவிட முக்கியம். ஒப்படை கொடுக்கும்போதே 'விடயத்துக்கு இத்தனை, படத்துக்கு இத்தனை, சொந்த வசனத்தில் எழுதியதற்கு இத்தனை' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிறகு யாரும் வாதாட வர மாட்டார்கள்.

ஒப்படை பற்றி ஒரு வார்த்தை. பட்டணத்தில் அப்பாவும் அம்மாவும் கம்ப்யூட்டர் கடைக்காரரும் சேர்ந்து செய்த பளபளப்பான ஒப்படைக்கு 18 புள்ளி, லயத்துப் பிள்ளை கொப்பித் தாளில் தானே எழுதியதற்கு 9 புள்ளி என்றால் அது கொழுந்தை விட்டுத் தண்ணீரை நிறுத்த கதைதான். பெறுமதியான ஒப்படையை வகுப்பறையிலேயே, ஆசிரியர் கண் முன்னே செய்ய வைப்பதே நியாயம். நாமும் பிள்ளைக்காகச் செய்து கொடுக்க வேண்டாம், காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம்.

பெற்றோர் கேட்கக்கூடியவை சில உண்டு. திருத்திய விடைத்தாளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், எங்கே புள்ளி போயிற்று என்று பிள்ளையே வாசித்துச் சொல்லட்டும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை சொல்லத் தடுமாறும் இடம் உங்களுக்குத் தெரியும். 'எத்தனையாவது' என்பதை விட்டு 'சென்ற தவணை எவ்வளவு, இந்தத் தவணை எவ்வளவு, எந்தப் பகுதியில் குறைவு' என்று கேளுங்கள். புள்ளி கூட்டித் தரும்படி மட்டும் கேட்காதீர்கள். விளங்காத புள்ளிக்கு விளக்கம் கேட்பது உங்கள் உரிமை, அதைச் சண்டையாக எடுக்கும் ஆசிரியர் மிகக் குறைவு.

பெற்றோர் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில், மலையில் நிற்கும் நேரத்தில் வைக்கப்படுகிறது என்ற முறைப்பாடு எமக்கு அடிக்கடி வருகிறது. போனால் அரைப் பேர், போகாவிட்டால் பிள்ளை தனியே நிற்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நம்மவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ போயா தினத்திலோ, இல்லாவிட்டால் பின்னேரக் கொழுந்து நிறுத்த பிறகோ வைக்கும்படி அவர்கள் மூலம் அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள். தோட்டத் தலைவர்மாரும் இதைத் துரையோடு கதைத்துவைத்தால் இரண்டு பக்கமும் சுலபமாகும்.