பழுக்காத பழத்தில் ஐஸ் வராது

சித்திரை வெயில் ஏறியதும் யூடியூப் சமையல் சேனல்களில் ஐஸ்கிரீம் திருவிழா ஆரம்பித்துவிடும். ‘ஆரோக்கியமான பழ ஐஸ்கிரீம், வீட்டிலேயே!’ என்று தலைப்பு. மாம்பழம் நறுக்குவார்கள், வாழைப்பழம் உரிப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் சத்தமில்லாமல் ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க் உள்ளே போகும். அந்த டின்னில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சர்க்கரை. அது வேண்டாம் என்பவர்கள் நாட்டுச் சர்க்கரை, தேன் என்று போவார்கள். வெல்லத்திலும் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரைதான். தேனில் ஐந்துக்கு நான்கு. ஆரோக்கியம் தலைப்போடு நின்றுவிடுகிறது.

அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பழம் இனிக்கவில்லை, ஊற்றுகிறார்கள். வீட்டில் செய்து பார்த்துவிட்டு ‘சப்பென்று இருக்கிறதே’ என்று உதட்டைப் பிதுக்குபவர்களின் கதையும் இதுதான். பழம் இனித்திருந்தால் ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடத் தேவைப்பட்டிருக்காது.

செய்முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை உரித்து, அரை விரற்கடை கனத்துக்கு வில்லை வில்லையாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் ஓர் இரவு விட வேண்டும். தோலோடு வைத்துவிட்டு மறுநாள் உரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உறைந்த தோலைக் கத்தியால் சீவ வேண்டியிருக்கும், விரல் பத்திரம். மறுநாள் வில்லைகளை மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் கடகடவென்று சத்தம், பிறகு புட்டு மாவு போல உதிரியாக வரும். இங்கேதான் எல்லோருக்கும் கை பரபரக்கும், தண்ணீரோ பாலோ ஊற்றத் தோன்றும். ஊற்றக் கூடாது. ஜாரைத் திறந்து ஓரத்தை வழித்துவிட்டு மறுபடியும் ஓட்டினால் உதிரி கட்டிபட்டு, கட்டி குழைந்து, கரண்டியில் நிற்கும் பதத்துக்கு வந்துவிடும். மிக்ஸி திணறினால் கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு ஸ்பூன் விடலாம். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம். சட்னி ஜாரே போதும், ஆனால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மோட்டார் சூடானால் ஜாரும் சூடாகும், ஐஸ் ஜாரிலேயே உருகிவிடும். முந்தின நாள் பூண்டுச் சட்னி அரைத்த ஜாராக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொழுப்பே இல்லாத பழம் இப்படிக் குழைவதற்குக் காரணம் அதிலுள்ள பெக்டினும் சர்க்கரையும். மிக்ஸியின் பிளேடு பனிப் படிகங்களைச் சின்னச் சின்னதாக உடைக்கிறது. பெக்டின் அந்தத் துகள்களைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஒன்றுசேர விடாமல் தடுக்கிறது. சர்க்கரை, தண்ணீர் முழுவதும் கல்லாக இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. இந்தச் சர்க்கரை நாம் போட்டதல்ல, பழமே தயாரித்தது. பச்சை வாழைக்காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டார்ச்தான். சர்க்கரை ஒன்றிரண்டு சதவீதம் இருந்தால் அதிகம். தோலில் கரும்புள்ளி விழும் அளவுக்குப் பழுக்கும்போது கணக்கு தலைகீழாகிவிடும். ஸ்டார்ச் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறங்கி, அந்த இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும். அதிலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் நிறைய உண்டு. இவை சிறிய மூலக்கூறுகள் என்பதால், அதே எடை வெள்ளைச் சர்க்கரையைவிட உறைநிலையை அதிகம் தாழ்த்தும். அதனால்தான் பழுத்த பழத்தில் செய்த ஐஸ் மிருதுவாகவும், அரைகுறைப் பழத்தில் செய்தது மாவாகவும் வருகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. குளிர்ச்சி நாக்கின் இனிப்பு உணர்வை மழுங்கடிக்கும். உருகிப்போன குச்சி ஐஸை உறிஞ்சிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு திகட்டும் என்று. கம்பெனி ஐஸ்கிரீமில் தாராளமாகச் சர்க்கரை கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாதாரணமாகச் சாப்பிடும்போது ‘பரவாயில்லை’ என்று இருக்கும் பழம் உறைந்த பிறகு ருசியே இல்லாமல் போகும். ஐஸுக்கு எடுக்கும் பழம் சாதாரணமாகச் சாப்பிடும்போதே கொஞ்சம் திகட்ட வேண்டும். ‘அழுகிப்போச்சு’ என்று குப்பைக்குப் போகத் தயாராக இருக்கும் பழம்தான் பெரும்பாலும் அந்தப் பதத்தில் இருக்கும். புளித்த வாடையோ பூஞ்சையோ இருந்தால் மட்டும் தூக்கி எறியுங்கள்.

எந்தப் பழம்? வழவழப்புக்குப் பச்சைப்பழமும் செவ்வாழையும். இனிப்புக்குக் கற்பூரவல்லி. ரஸ்தாளி மணக்கும், ஆனால் சற்று மாவாக நிற்கும். பூவனில் இலேசான புளிப்பு உண்டு. குழந்தைகளுக்கு அது பிடிப்பதில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். நேந்திரனைத் தோல் முழுக்கக் கறுக்கும் வரை தொடாதீர்கள். மலைப்பழத்தில் நீர்ச்சத்து குறைவு, மணம் அதிகம். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழத்தைத் தேடுவதும் அதனால்தான். சிறுமலை, விருப்பாச்சி ரகங்களை முடிக்கொத்து நோய் வாரிக்கொண்டு போன பிறகு நல்ல மலைப்பழம் கிடைப்பதே அதிர்ஷ்டம். கிடைத்தால் அப்படியே சாப்பிடுங்கள், மிக்ஸியில் போடுவது பாவம்.

மஞ்சளாக இருந்தால் போதுமா?

பழுத்த பழத்துக்கு எங்கே போவது? என் கவலையே இதுதான். சந்தையில் தொங்கும் தார் பளபளவென்று மஞ்சளாக இருக்கும். உரித்துக் கடித்தால் நடுவில் வெடவெடவென்று காய். நிறம் வந்துவிட்டது, பழுப்பு வரவில்லை. முன்பு மண்டிகளில் மூட்டம் போடுவார்கள். அடைத்த அறையில் தாரை அடுக்கிப் புகை காட்டினால் ஓரிரு நாளில் நிறம் திரும்பும். இப்போது குளிரூட்டிய அறையில் எத்திலீன் வாயு விடுகிறார்கள். எத்திலீன் வாழைப்பழம் தானாகவே வெளிவிடும் வாயுதான், விஷமல்ல. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை விடுவதற்கு விதியும் இடம் கொடுக்கிறது. தப்பு அறையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. முற்றாத காயை வெட்டி அறையில் அடைத்தால், தோல் மஞ்சளாகும் அளவுக்குச் சதை இனிக்காது. தூரத்து ஊருக்கு லாரியில் போக வேண்டிய தாரை மரத்திலேயே முற்ற விட முடியாது என்று வியாபாரிகள் சொல்வார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் பக்கத்து ஊர்த் தோட்டத்திலிருந்து வரும் தாரும் அப்படியே அல்லவா வருகிறது!

மாம்பழத்தில் நிலைமை இன்னும் மோசம். கார்பைடு கல் காற்றிலுள்ள ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும். அது எத்திலீன் செய்யும் வேலையைப் பாதியாகச் செய்து தோலில் மட்டும் நிறத்தைக் கொண்டுவரும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்களின் மிச்சம் இருக்கும். இதைக் கொண்டு பழுக்க வைப்பது நம் நாட்டில் சட்ட விரோதம். 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் தடை தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் ‘கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் டன் கணக்கில் பறிமுதல்’ என்ற செய்தி தவறுவதில்லை. சீசன் தொடங்கும் முன்பே, பங்குனியிலேயே, ஒரே சீரான மஞ்சளில் கூடை கூடையாக வரும் பழத்தைப் பார்த்தால் நான் ஒதுங்கிப் போய்விடுவேன். அந்தப் பழத்தில் ஐஸ் செய்பவர் கட்டாயம் சர்க்கரை டப்பாவைத் தேடுவார்.

ஆக, வீட்டுப் பழ ஐஸின் முதல் வேலை மிக்ஸியில் ஆரம்பிப்பதில்லை, நாலு நாள் முன்னால் கடையில் ஆரம்பிக்கிறது. வாழைப்பழத்தை இலேசாகப் பச்சை இருக்கும்போதே சீப்பாக வாங்கி, கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு சீப்பை இன்று சாப்பிட வாங்கினால் இன்னொன்றை ஐஸுக்கென்று ஒதுக்குங்கள். மாங்காயை நன்கு முற்றியதாகப் பார்த்து வாங்கி, பாட்டி செய்தது போல அரிசிப் பானையில் புதைக்கலாம், வைக்கோலில் வைக்கலாம். பழம் விடும் எத்திலீன் வெளியே போகாமல் அதையே சுற்றி நிற்கும். அவசரத்துக்குக் காகிதப் பையில் ஒரு கனிந்த வாழைப்பழத்தோடு சேர்த்துச் சுருட்டி வைத்தாலும் சரி. காயாக இருக்கும் வாழையை ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர் தாங்காது. தோல் கறுத்துவிடும், உள்ளே காயாகவே நின்றுவிடும். கறுப்பைப் பார்த்துப் பழுத்துவிட்டது என்று ஏமாறுபவர்கள் உண்டு. கனிந்த பிறகு உள்ளே வைத்தால் தோல்தான் கறுக்கும், பழம் கெடாது.

மற்ற பழங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாம்பழத்தில் வாழையைவிட நீர் அதிகம், சுமார் 83 சதவீதம். தனியாக அரைத்தால் கொஞ்சம் நறநறக்கும், ஒரு வாழைப்பழமோ துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரோ சேர்த்தால் சரியாகிவிடும். சப்போட்டாவும் சீத்தாவும் குழைவுக்கு அருமை. சப்போட்டா பால் வடியும் அரைக்காயாக மட்டும் இருக்கக் கூடாது. தர்பூசணியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அது கிரீமாகவே வராது. விதை எடுத்து அரைத்துத் தட்டில் ஊற்றி உறைய வைத்து, முள்கரண்டியால் சுரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அது தனி ருசி. அன்னாசியைப் பச்சையாகப் பாலோடு சேர்த்தால் அதிலுள்ள நொதி பாலைக் கசக்க வைத்துவிடும். பப்பாளியும் அப்படியே. எந்தப் பழமானாலும் வடிகட்டாதீர்கள், நார் முழுக்கப் போய்விடும்.

ஃப்ரீசர் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரீசர் கதவிலோ உட்புறத்திலோ சின்னதாக நட்சத்திரங்கள் இருக்கும். மின் சிக்கனத்துக்கு வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் நட்சத்திரம் வேறு, இது வேறு. ஒன்று என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஒரு நட்சத்திரம்தான் என்றால் வில்லைகள் கல்லாக இறுக மாட்டா. அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஒரு நாள் முழுக்க விடுங்கள். உறைந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுவது அவசியம், இல்லாவிட்டால் மீன் வாசனை ஐஸில் ஏறிவிடும். அரைத்ததும் சாப்பிடுவதுதான் உத்தமம். மறுநாளுக்கு வைத்தால் கடை ஐஸ் போல மிருதுவாக இருக்காது. கடை ஐஸ்கிரீம் ஒரு லிட்டர் டப்பாவில் 525 கிராம் இருந்தாலே நம் விதிக்குப் போதும், மீதி இடத்தைக் காற்று அடைத்துக்கொள்ளும். மிக்ஸியில் அவ்வளவு காற்று சேராது. சாப்பிடப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்காரர்கள் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர் என்றது. அதனால் ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்பதை ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்று எடுத்துக்கொள்ள முடியாது. முழுப் பழமாக மூன்று வாழைப்பழத்தை ஒரே மூச்சில் யாரும் சாப்பிடுவதில்லை. அரைத்துக் கிண்ணத்தில் வைத்தால் மூன்றும் தெரியாமல் உள்ளே போய்விடும். ஆளுக்கு ஒரு பழம் என்று எண்ணி அரையுங்கள். நோயாளிகளின் அளவை அவரவர் மருத்துவர் சொல்லட்டும். எப்போதாவது ஒரு கடை ஐஸ் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

மாம்பழ ஐஸ் செய்ய நினைப்பவர்கள் வைகாசி வரை பொறுத்திருப்பது நல்லது. பங்கனபள்ளியும் இமாம் பசந்தும் அப்போது மரத்திலேயே முற்றி வரும், விலையும் இறங்கியிருக்கும். அதைத் தவறவிட்டால் கடைசியில் நீலம் இருக்கிறது. மணம் போதும் போதும் என்றிருக்கும். கொட்டையில் வண்டு இருக்க வாய்ப்புண்டு. அதனால் முழுசாகக் கசக்கிப் பிழியாமல், இரண்டாக வெட்டிப் பார்த்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள்.