பழைய மீன் தொட்டியில் புது மீன் விடும் முன்பு...

வண்ண மீன் வளர்ப்பை உபதொழிலாகத் தொடங்கும் சிறு விவசாயிகள், செலவைக் குறைக்கப் பழைய கண்ணாடித் தொட்டிகளை வாங்குவது வழக்கம். இதில் தவறில்லை. ஆனால், தொட்டியோடு பழைய மீனின் நோயும் வீட்டுக்கு வந்துவிடக் கூடும். ஒரு நாள் வேலைக்குச் சோம்பினால், வாங்கிய மீன்கள் அத்தனையும் ஒரே வாரத்தில் செத்து மிதக்கலாம்.

வாங்கும்போது

தொட்டியை எதற்காக விற்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். மீன்கள் இளைத்து, முதுகு வளைந்து இறந்திருந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். அது மீன் காசநோயாக இருக்கலாம். அதன் கிருமி பிளீச்சிங் பவுடருக்கு எளிதில் சாவதில்லை. கையிலுள்ள புண் வழியாக மனிதரையும் தொற்றும். ஆகவே எந்தப் பழைய தொட்டியைக் கழுவினாலும் ரப்பர் கையுறை அணிவது நல்லது.

கசிவுச் சோதனை

சமதளத்தில் தெர்மகோல் விரித்து, தொட்டியை வைத்து நீர் நிரப்பி ஒரு நாள் விட வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். நீரின் எடை மட்டும் 56 கிலோ. நீரோடு தொட்டியைத் தூக்கக் கூடாது.

சுத்தம் செய்தல்

சோப்பு, சோப்புத்தூள் கூடவே கூடாது. பூச்சிமருந்து கலக்கிய வாளியையும் பயன்படுத்தக் கூடாது. மிகச் சிறிதளவு மருந்தே மீனைக் கொல்லும். வெள்ளை உப்புப் படிவத்தை எலுமிச்சைச் சாற்றால் தேய்த்து நன்றாகக் கழுவ வேண்டும். புளிப்புப் பொருளும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

அடுத்து 100 லிட்டர் நீருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 70 கிராம் வீதம் கரைத்து, தெளிந்த நீரைத் தொட்டியில் நிரப்ப வேண்டும். வலை, குழாய்களையும் அதிலேயே ஒரு மணி நேரம் ஊறவிடலாம். காற்றோட்டமான இடத்தில் செய்வது அவசியம். அந்த நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. பிறகு மூன்று முறை அலசி, வாடை போகும்வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட வேண்டும். வெண்புள்ளி நோய்க் கிருமி காய்ந்தால் மடியும். பழைய ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்துவிடலாம். கூழாங்கற்களை வேகவைத்துப் பயன்படுத்தலாம்.

மின் சாதனங்கள்

ஒயர் வெடித்த மோட்டாரை ஒதுக்கிவிட வேண்டும். காற்று மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். தொட்டியில் கை விடும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

அவசரம் வேண்டாம்

கழுவிய தொட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அழிந்திருக்கும். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றுவது அவைதான். அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். எனவே முதலில் இரண்டு மூன்று கப்பி அல்லது மோலி மீன்களை மட்டும் விட்டு, தீனியைக் குறைத்துப் போட்டு, அவ்வப்போது கொஞ்சம் நீரை மாற்றிவர வேண்டும். குழாய்நீரானால் ஹைப்போ கலந்து குளோரினைப் போக்க வேண்டும்.

மீன்கள் ஊக்கமாக நீந்தித் தீனி எடுத்தால், சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டலாம். பழைய தொட்டியில் மிச்சமான பணம் அப்போதுதான் உண்மையிலேயே மிச்சம்.