குளிர் காக்கும் சுவரில் சூடாகும் வயர்

ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் படுக்கப் போகும்போது காலை எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும். மேல்தளம் கொதிக்கும் மதியம்தான் அவர்களுக்கு நடுநிசி. வல்லம் வடகாலில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய தொழிலாளர் விடுதி 18,720 படுக்கைகளோடு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்கு வெளியே இருப்பவர்களுக்கு வாடகை அறைதான். அறைக்கு ஏசி வந்தால் பழைய வயரிங்கைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும். வெயிலைத் தடுக்க ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் கண்ணாடிக் கம்பளி, சுவரோரம் தெர்மாகோல், மாடியில் பஃப் பேனல் அறை என்று இன்னொரு வேலையும் கூடவே வரும்.

இரண்டும் தேவையான வேலைகள். இரண்டும் ஒரே சுவருக்குள் சந்திக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும்.

மின்சாரம் ஓடினால் செம்புக் கம்பி சூடாகும். செங்கல் சுவரில் காடி எடுத்துப் புதைத்த பைப் என்றால் அந்தச் சூட்டைப் பூச்சும் செங்கலும் வாங்கிக்கொள்ளும். வெயிலை உள்ளே விடாத தெர்மாகோலோ வயரின் சூட்டையும் வெளியே விடாது. சாதாரண பிவிசி வயருக்கு 70 டிகிரி செல்சியஸ் எல்லை. வெப்பக்காப்புக்குள் அரை மீட்டருக்கு மேல் முழுக்கப் புதைந்து கிடக்கும் வயரின் தாங்குதிறனைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது பிரிட்டனின் வயரிங் விதிநூலான பிஎஸ் 7671. அதன் அட்டவணைகள் 30 டிகிரி காற்றை வைத்து எழுதப்பட்டவை. நம் கோடையின் 40 டிகிரியில் இன்னும் 13 சதவீதம் குறைக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் திக்கென்கிறது. சுவர் பைப்புக்குள் 24 ஆம்பியர் தாங்கும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், இந்த இரண்டு கழிவும் போக ஏறத்தாழ 10 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. ஒன்றரை டன் ஏசி மட்டுமே 7, 8 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் செருகினால் 16 ஆம்பியரை எட்டிவிடும். மின் விநியோகப் பெட்டியான டிபியில் இருக்கும் எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச், 20 ஆம்பியர் என்றால் அது விழாது. வயர் எந்தச் சுவருக்குள் கிடக்கிறது என்பது எம்சிபிக்குத் தெரியாது.

தெர்மாகோலுக்கும் பிவிசிக்கும் இன்னொரு பகையும் உண்டு. பிவிசி உறையை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளைத் தெர்மாகோல் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். உறை விறைத்து வெடிக்கும், தெர்மாகோல் உருகி ஒட்டும். எனவே வயர் தெர்மாகோலை நேரடியாகத் தொடவே கூடாது, நடுவில் பைப் வேண்டும்.

பஃப் பேனல் வேறு வகை. இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை இறுகி நிற்பதால் ஸ்பிரிங் விட்டு வயர் இழுக்க வழியே இல்லை. அறைப் பக்கம் தகட்டின் மேலேயே பைப் ஓட்டுவது பார்வைக்குச் சுமார்தான், ஆனாலும் அதுவே சரி. தகட்டில் துளை போட்டால் ரப்பர் வளையம் கட்டாயம், வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். தகடுகளுக்கு எர்த்தும் வேண்டும்.

உலோகமும் வெப்பக்காப்பும் வயரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு துயர சாட்சி. 2009இல் அந்நாட்டு அரசு மானியம் தந்து வீட்டுக் கூரைகளுக்கு வெப்பக்காப்பு போடவைத்தது. வேலைக்குப் போன இளைஞர்களில் மூவர் மின்சாரம் தாக்கியும் ஒருவர் வெப்பம் தாக்கியும் இறந்தார்கள். வெப்பக்காப்பாகப் போட்ட உலோகத் தாளைப் பொருத்த அடித்த உலோக ஸ்டேப்பிள் ஊசி வயரைத் துளைத்ததும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம். 2010 பிப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது.

புதுக் கட்டுமானத்தில் யோசிக்க நேரம் இருக்கிறது. சென்னை பெரும்பாக்கத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட் முறையில் எழுந்தவை. இந்த முறையில் பைப்பையும் ஸ்விட்ச் பாக்ஸையும் கான்கிரீட் ஊற்றும் முன்பே அச்சில் வைத்துவிடலாம். பின்னால் ஏசி சேர்க்க நினைப்பவருக்கு அந்தப் பைப் அகலமாக இருந்தாலே தடித்த வயரை இழுக்க முடியும்.

பழைய வாடகை வீட்டில் ரீவயரிங் செய்பவர் ஏசிக்குத் தனி லைன் போட்டு, 4 ஸ்கொயர் வயரை, முடிந்தவரை வெப்பக்காப்புக்கு அறைப் பக்கமாகவே ஓட்டினால் பெரும்பாலான ஆபத்து விலகும். எம்சிபியை வயரின் குறைந்துவிட்ட தாங்குதிறனுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இந்த வேலையை முடிக்கவே கூடாது. சுவரை மூடும் முன் பைப் போகும் வழியைப் படமெடுத்து வீட்டு உரிமையாளரிடம் தந்துவிட்டால், அடுத்து ஆணி அடிப்பவருக்கு அது உதவும்.