தெரியாத மாதிரி கேட்ட டோரா; துள்ளி எழுந்து பதில் சொன்ன மழலைகள்!

பெரியவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் 'விஷயம்' அதில்தான் இருந்தது

மதுரை:

"மலை எங்கே இருக்கு?" என்று டி.வி. பெட்டிக்குள் இருந்து ஒரு சிறுமி கேட்கிறாள். மலை அவளுடைய முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறது!

"அந்தா... பின்னாடி! பின்னாடி பாரு!" என்று பாயில் உட்கார்ந்திருந்த நாலு வயதுக் குழந்தை துள்ளி எழுந்து கத்துகிறது.

கடையைப் பூட்டி விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா சிரிக்கிறார். "பின்னாடி இருக்கிற மலை தெரியல. இந்தப் புள்ள ஊர் சுத்தக் கிளம்பிருச்சாக்கும்!"

மதுரையிலும், மேலூர், உசிலம்பட்டி பக்கமும் கேபிள் டி.வி. இருந்த வீடுகளில் இது வாடிக்கையாக நடந்த வேடிக்கை.

யார் இந்த டோரா?

அமெரிக்காவின் 'நிக்கலோடியன்' டி.வி.யில் 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந்தேதி முதன் முதலாக வந்த கார்ட்டூன் சிறுமிதான் டோரா. வயது 7. முதுகில் பேசும் பை. வழி சொல்ல, பேசும் வரைபடம். கூடவே சிவப்பு பூட்ஸ் போட்ட ஒரு குரங்கு.

2007-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந்தேதி 'சுட்டி டி.வி.' தொடங்கப்பட்டது. அதில் 'டோராவின் பயணங்கள்' என்ற பெயரில் இவள் தமிழ் பேசினாள். குரங்கு 'புஜ்ஜி' ஆனது. பள்ளிக்கூடப் பை, பென்சில் டப்பா, பலூன் என்று கடைத்தெரு எங்கும் டோரா, புஜ்ஜி படம்தான்!

அன்று பாயில் உட்கார்ந்து பதில் சொன்ன குழந்தைகள் பலர் இன்று கல்லூரிக்கும், வேலைக்கும் போகிறார்கள்.

ஏன் கேட்கிறாள்?

கண் முன்னால் இருப்பதை டோரா ஏன் கேட்கிறாள்?

நாலு வயதுக் குழந்தையின் நிலையை யோசித்துப் பார்த்தால் புரியும். வீட்டில் அதுதான் கடைக்குட்டி. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதற்கு மட்டும் தெரியாது. "அதைத் தொடாதே", "இதைக் கேட்காதே" என்று எந்த நேரமும் அதட்டல் வேறு.

டோரா முன்னால் எல்லாம் தலைகீழ்! அவளுக்குத் தெரியாது, குழந்தைக்குத் தெரியும். 'நான் சொன்னால்தான் டோரா வழி கண்டு பிடிப்பாள்' என்ற எண்ணம் வந்து விட்டால் போதும். குழந்தை வெறுமனே பார்ப்பதை விட்டு, தானே தேடத் தொடங்கி விடும்.

இன்னொன்று, கேட்டு விட்டு டோரா காத்திருப்பாள். சில விநாடிகள் பேச்சே இருக்காது. பெரியவர்களுக்கு அது சலிப்பு. யோசித்து, வாய் திறந்து சொல்ல குழந்தைக்கு அந்த நேரம் வேண்டும்.

ஒரே கதை 5 நாள்!

இந்த வித்தை டோராவுக்கு முன்பே வந்தது. அதே நிக்கலோடியனில் 1996-ம் ஆண்டு 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. நாய்க்குட்டி விட்டுச் செல்லும் தடயங்களை வைத்துக் குழந்தைகள் விடை கண்டு பிடிக்க வேண்டும். ஒரே கதையை திங்கள் முதல் வெள்ளி வரை 5 நாளும் காட்டினார்கள்!

குழந்தைகளுக்கு அலுக்கவில்லை. ஒரு முறை பார்த்தவர்களை விட 5 முறை பார்த்தவர்கள் கதையை நன்றாகப் புரிந்து கொண்டார்கள்; அதிகமாக பதிலும் சொன்னார்கள். இது 1999-ல் வெளியான ஆராய்ச்சி முடிவு. சொன்ன கதையையே "இன்னொரு தடவை சொல்லு அப்பத்தா" என்று நச்சரிக்கும் பேரப்பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதற்கெல்லாம் மூத்தது 1969-ல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்ற பொம்மை நிகழ்ச்சி. அந்த நாளில் எல்லா ஊரிலும் அது தெளிவாகத் தெரியவில்லை. ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கை ரூபவாகினி பார்த்த மதுரைக்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்! தெளிவாகத் தெரிந்த ஊர்களில் வளர்ந்த குழந்தைகள், பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படித்தார்கள் என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. இதன் இந்தி வடிவமான 'கலி கலி சிம் சிம்' 2006-ல் வந்தது. பள்ளிச் சீருடை போட்ட 'சம்கி' என்ற பொம்மைச் சிறுமி அதில் ஓயாமல் கேள்வி கேட்டாள்.

எல்லா பொம்மையும் ஒன்றா?

இல்லை. 60 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011-ல் வெளியானது. எல்லோருக்கும் 4 வயது. படபடவென்று காட்சி மாறும் கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்த குழந்தைகள், கவனமும் பொறுமையும் தேவைப்படும் விளையாட்டுகளில் தடுமாறினார்கள். அதே நேரம் உட்கார்ந்து படம் வரைந்த குழந்தைகள் நன்றாகச் செய்தார்கள்.

இப்போது பல வீடுகளில் டி.வி. இருந்த இடத்துக்கு செல்போன் வந்து விட்டது. இட்லி ஊட்டுவதற்குக் கூட செல்போன்தான்! ஒரு வீடியோ முடியும் முன் அடுத்தது ஓடி வருகிறது. கேள்வியும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. குழந்தை வாய் திறப்பது இட்லிக்கு மட்டும்தான்.

2 வயது வரை செல்போன், டி.வி. வேண்டாம்; 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் அறிவுரை கூறியது.

டோராவுக்குக் காது இல்லை!

பக்கத்தில் ஆள் எதற்கு? காரணம் இருக்கிறது. டோராவுக்கு உண்மையில் காது கேட்காது! குழந்தை தப்பாகச் சொன்னாலும் பாராட்டுவாள். வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும் பாராட்டுவாள்.

"அந்த மலை ஏன் அங்கிட்டு இருக்கு?" என்று குழந்தை திருப்பிக் கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. அதற்கு அம்மா, அப்பா, தாத்தா, அப்பத்தா யாராவது வேண்டும். அந்த நேரம் பார்த்து "சும்மா இரு" என்று அதட்டினால், டோரா கிளப்பி விட்ட ஆர்வம் அங்கேயே அணைந்து விடும்.

டோரா செய்ததை டவுன் பஸ்சிலும் செய்யலாம். பைசா செலவு இல்லை! டோராவின் வரைபடம் மூன்று இடம் சொல்லும். பெரியார் நிலையத்தில் பஸ் ஏறியதும் குழந்தையிடம் மூன்று இடம் சொல்லி வைக்கலாம். சிம்மக்கல், வைகைப் பாலம், கோரிப்பாளையம். "அடுத்து எது?" என்று கேட்டு விட்டு, கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் பிடித்தால் இன்னும் வசதி. ஒத்தக்கடை வரும்போது, "யானைமலை எங்கிட்டு இருக்குன்னே தெரியலயே த்தா?" என்று ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுப் பாருங்கள்.

பஸ் முழுக்க கேட்கும்படி பதில் வரும்!