மூத்த மாணவியின் துணை: ஒரு துறையில் 'இது நம் இடம்' என்ற உணர்வு வளரும் விதம்

பல்கலைக்கழகத் துறை ஒன்றில் ஒருவர் நிலைத்திருப்பதை அவருடைய மதிப்பெண் மட்டும் தீர்மானிப்பதில்லை; அங்கே முன்பே இருப்பவர்கள் அவரையும் தங்களுள் ஒருவராகக் கருதுகிறார்களா என்ற, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்குக் கிடைக்கும் விடையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அவ்விடை சாதகமாக அமையும்போது பிறக்கும் 'இது நம் இடம்' என்ற உறுதியை உளவியலார் இணைவுணர்வு என்பர். அதைக் காக்கும் வழிகளுள் ஒன்றான சக மாணவர் துணை, அதாவது மூத்த மாணவர்கள் பயிற்சி பெற்றுப் புதியவர்களுக்குத் தாமே முன்வந்து துணைநிற்கும் ஏற்பாடு, இங்கே விளக்கப்படுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாரா டென்னஹியும் நீலாஞ்சனா தாஸ்குப்தாவும் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. பொறியியலில் சேர்ந்த 150 மாணவியரில் சிலருக்கு ஒரு மூத்த மாணவியும், சிலருக்கு ஒரு மூத்த மாணவரும் வழிகாட்டியாகக் குலுக்கல் முறையில் அமர்த்தப்பட, எஞ்சியோருக்கு வழிகாட்டி எவரும் இல்லை. முதலாண்டு முடிவில் மூத்த மாணவியைத் துணையாகப் பெற்றவர்களில் 100 விழுக்காட்டினரும் பொறியியலிலேயே தொடர்ந்தனர்; துணையே இல்லாதோரில் 11 விழுக்காட்டினரும், மூத்த மாணவரைத் துணையாகப் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும் விலகியிருந்தனர். விலகுவதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே இவ்வாய்வில் மிகவும் சிந்திக்கத்தக்கது: மற்ற இரு குழுக்களிலும் இணைவுணர்வும் தன்னம்பிக்கையும் படிப்படியாகத் தேய, மூத்த மாணவியின் துணை கிடைத்த குழுவில் அவை தேயாமல் நின்றன.

இந்தத் துணை செயல்படும் இடம் மிகச் சிறியது. ஆய்வகத்தில் நால்வர் குழு ஒன்றில் மற்ற மூவரும் கருவியைக் கையாள, குறிப்பேட்டில் அளவுகளை எழுதும் வேலை வாரந்தோறும் ஒரே மாணவியிடம் வந்து சேர்கிறது என்று கொள்வோம். இதைப் பேராசிரியரிடம் முறையிட அவளுக்குக் கூச்சம். தன் திறமைக்குறைவே காரணமோ என்ற ஐயம் உள்ளே வளர்கிறது. அதே மேசையில் அதே குறிப்பேட்டை எழுதிய மூத்த மாணவி, "எனக்கும் இப்படித்தான் நடந்தது; அடுத்த வாரம் வேலையை மாற்றிக்கொள்வோம் என்று முதலிலேயே சொல்லிவிடு" என்று கூறும்போது, அவளுடைய குறையாகத் தோன்றியது குழுவின் பழக்கமாகத் தெரியத் தொடங்குகிறது. இரண்டே ஆண்டு மூத்தவர் என்பதுதான் அச்சொல்லுக்கு வலு. புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவரின் வெற்றிக்கதை அவ்வளவு அருகில் வந்து நிற்பதில்லை.

சக மாணவர் துணையின் பயன் மாணவியரோடு நிற்பதில்லை: அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் நுண்கணித மாணவரை ஆராய்ந்த கணிதவியலார் யூரி டிரைஸ்மனும், கறுப்பின மாணவர் 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படித்ததே இல்லை என்று கண்டு, கடினமான கணக்குகளைக் கூடிப் போடும் பட்டறைகளை அமைத்தார். தனிமையே தடை என்பது அவர் கண்டறிந்தது, திறமைக்குறைவு அன்று.

ஆனால் தன்னார்வம் என்ற பெயரில் ஒரு சுமையும் ஏறுகிறது. மூத்த மாணவியர் சிலரே உள்ள துறையில் ஒவ்வொரு முறையும் அதே சிலரே அழைக்கப்படுகின்றனர். அவர்கள் செலவிடும் மாலைநேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே அந்நேரத்தைப் பணியாகக் கணக்கிட்டு உதவித்தொகையோ பாடப்புள்ளியோ வழங்குவதும், மனச்சோர்வு முற்றினால் புதியவரை உளவியல் ஆலோசகரிடமும், துன்புறுத்தல் நேர்ந்தால் புகார்க் குழுவிடமும் ஒப்படைக்கும் முறையைப் பயிற்சியிலேயே கற்றுத்தருவதும் துறைத்தலைமையின் கடமைகள். இவற்றையும் மாணவியர் தோளில் ஏற்றுவது நியாயமன்று.