மியூட்டில் ஒரு பாமாலை

தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம் குடும்பங்கள் வாஷிப் பாலம் தாண்டி நவி மும்பைக்குக் குடிவந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். சிட்கோ உருவாக்கிய நெருளில் வீடு அமைந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைந்தது. பல பேருக்கு ஆலயம் மட்டும் பழைய பேட்டையிலேயே நின்றுவிட்டது. தமிழ் ஆராதனைக்குத் தாராவி போக வேண்டுமென்றால் குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஹார்பர் லைனில் மெகா பிளாக் போட்டுவிட்டால் முதல் கீர்த்தனையை மறந்துவிடலாம், பிரசங்கமாவது கிடைத்தால் சரி.

இந்த இடைவெளியில்தான் கைபேசி நுழைந்தது. அது கூட்டிச் சென்றது தாராவிக்கு அல்ல, நேரே தூத்துக்குடிக்கு. ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றம். லீவு கிடைக்காதவர்கள், ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுபோனவர்கள் எல்லோரும் யூடியூப் நேரலையில் வந்து நிற்பார்கள். கொடி மேலே ஏற ஏற, கீழே ‘மரியே வாழ்க’ என்று வரிசையாக விழும். பலர் கூடவே ஊர்ப் பெயரையும் போட்டுவிடுவார்கள். ஊரில் இருக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, “நீ பாத்தியா? நான் மூணாவது வரிசையில நின்னேன்” என்று போன் போடுவாள்.

முகம் தெரியாத ஊழியரின் ஜெபத்துக்கு வீட்டிலிருந்தே ‘ஆமென்’ சொல்வது நம்மவர்களுக்குப் பழகிய விஷயம்தான். டி.ஜி.எஸ். தினகரன் 1972இல் இலங்கை வானொலியில் பேசத் தொடங்கினார். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் தமிழ்ப்பணி சிற்றலையில் வந்தது. நேயர்கள் கடிதம் எழுதிவிட்டு, தங்கள் பெயர் வாசிக்கப்படுகிறதா என்று காத்திருந்தார்கள். 2018 நடுவில் வெரித்தாஸ் சிற்றலையை நிறுத்திவிட்டு முழுக்க இணையத்துக்கு வந்துவிட்டது. இப்போது ஜெப விண்ணப்பம் போட்ட அடுத்த நிமிடமே கூப்பிய கைகள் முப்பது வந்து நிற்கின்றன. அந்த முப்பது பேரில் எத்தனை பேர் உண்மையில் ஜெபித்தார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் நானும் மாட்டிக்கொள்வேன்.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய வழிபாட்டுத் தலங்களை மகாராஷ்டிர அரசு நவம்பர் 16ஆம் தேதிதான் திறந்தது. இரண்டாம் அலையில் மறுபடி பூட்டு. 2021 அக்டோபர் 7 வரை அது நீடித்தது. அந்த மாதங்களில் ஜெபம் ஜூமுக்குப் போனது. பிரசங்கம் போயிற்று, சாட்சி போயிற்று, உபவாச ஜெபம்கூடப் போயிற்று. பாட்டுதான் போக மறுத்தது. ஒருவர் குரல் இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்துகிறது. இருபது வீடு சேர்ந்து பாடினால் பல்லவி ஒரு பக்கம், சரணம் ஒரு பக்கம். ஆகவே ஒருவர் மட்டும் பாட, மற்றவர்கள் மியூட். மியூட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாத பாட்டிமார் சதுரமான கட்டத்துக்குள் வாயை அகலத் திறந்து முழு மூச்சில் பாமாலை பாடிக்கொண்டிருப்பார்கள். அது அவர்கள் வீட்டு அடுக்களைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். சேர்ந்து பாடுவது சபைக்கு அலங்காரம் மட்டுமே என்று நினைத்திருந்தவர்களுக்கு, அதுதான் சபை என்று அப்போது புரிந்தது.

நற்கருணை விஷயம் இன்னும் சிக்கல். இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று வத்திக்கான் 2002இலேயே ஓர் ஆவணத்தில் சொல்லிவிட்டது. அதனால் கத்தோலிக்க வீடுகளில் திரையைப் பார்த்து ஆன்மிக நற்கருணை ஜெபம் மட்டும் சொன்னார்கள். சில பெந்தெகொஸ்தே சபைகளிலோ ரொட்டியும் திராட்சை ரசமும் வீட்டிலேயே தயாராக வைக்கச் சொல்லி, போதகர் திரையில் ஆசீர்வதித்தார். ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இரண்டு வழக்கமும் இருந்திருக்கலாம். யாரும் சண்டை போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் சமூக ஊடகத்தில் விசுவாசம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உறிஞ்சு குழல் வைத்த ஒரு குவளை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, 2020 அக்டோபரில் எல்கார் பரிஷத் வழக்கில் கைதாகி, இதே நவி மும்பையின் தலோஜா சிறையில் இருந்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளர் பிடிக்க முடியாமல், நவம்பரில் குழலும் குவளையும் கேட்டு நீதிமன்றம் போனார். பதில் சொல்லவே தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. செய்தி பரவியதும் ஊர்பேர் தெரியாத ஆட்கள் இணையத்தில் குவளை வாங்கி, சிறை முகவரிக்கே அனுப்பத் தொடங்கினார்கள். அனுப்பிய ரசீதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அதில் கிறிஸ்தவர் யார், மற்றவர் யார் என்று பிரிக்க முடியாது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, பாந்திராவில் ஒரு மருத்துவமனையில் அவர் இறந்தார். மறுநாள் பாந்திரா புனித பேதுரு ஆலயத்தில் நடந்த அடக்கத் திருப்பலிக்குக் கொரோனா கட்டுப்பாட்டால் சிலரே போக முடிந்தது. மற்றவர்கள் நேரலையில் இருந்தார்கள்.

அதே கைபேசியில்தான் “இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால்” என்ற மிரட்டலும் வருகிறது. 13 பேருக்கு எழுதச் சொன்ன அந்தக் காலத்து அஞ்சலட்டையின் பேரன் இது. 2018இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. சாபம் கொஞ்சம் சோர்ந்துபோனது.

என்னை உறுத்துவது வேறு. அன்பியம் குழுவில் ஒருவர் அம்மாவின் ஆபரேஷனுக்கு ஜெபம் கேட்கிறார். கூடவே ஸ்கேன் ரிப்போர்ட், வயது, வார்டு எண், ஜிபே எண். இரண்டு நாளில் அது யார் யார் குழுவுக்கோ போய்விடுகிறது. அந்த அம்மா குணமாகி வீட்டுக்கு வந்து ஒரு வருஷமான பின்னும், அவர் கர்ப்பப்பை ரிப்போர்ட் தெரியாதவர்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கும். ஜெபிப்பதற்கு முதல் பெயரும் நோயின் பெயரும் போதும். ரிப்போர்ட் போட்டால் அழித்துவிட்டு, போட்டவருக்குத் தனியாக ஒரு போன் போடுவதுதான் அட்மின் செய்ய வேண்டியது. பணம் தேவைப்பட்டால் அதையும் அந்தப் போனிலேயே பேசிக்கொள்ளலாம்.

(தொடரும்)